இறக்கி வைத்த சுருதி

திண்டிவனம்,
திங்கட்கிழமை காலை.

மெர்லின் அப்பாவுக்கு அமலா எழுதிக்கொள்வது.

இயேசுவுக்குப் புகழ். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். மெர்லின் நலம். என் சங்கதி கீழே வருகிறது. அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்கு ஓடாதீர்கள்.

இந்தக் காலத்தில் எவள் புருஷனுக்குக் கடிதாசி எழுதுகிறாள் என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். தெருமுனை டாக்டர் என்னைப் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார். குசுகுசு என்றுகூடப் பேசக் கூடாதாம், அது இன்னும் கெடுதியாம். சரி, போனில் எழுத்தடிக்கலாம் என்று பார்த்தால் என் கட்டை விரல் ஓர் எழுத்தை அமுக்கப் போய் மூன்று எழுத்தைக் கொண்டுவருகிறது. அதனால் மெர்லினுடைய பழைய நோட்டில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். அவள் மயிலம் காலேஜுக்கு பஸ் ஏறின பிறகுதான் நோட்டை எடுத்தேன். தொண்டை கட்டியிருக்கிறது என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன், மற்றது இப்போதைக்குத் தெரிய வேண்டாம்.

நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் நான் போனை எடுக்கவில்லை. கோபம் ஒன்றுமில்லை. எடுத்து ஒரு அலோ சொன்னால் போதும், மலேசியாவில் இருக்கிற உங்கள் காதுக்கு எல்லாம் தெரிந்துபோகும். எனக்கு அதுதான் பயம். அந்த ஓட்டல்காரர் உங்களைத் தினமும் கீபோர்டு வாசிக்க வைக்கிறாரே, சோறு ஒழுங்காகப் போடுகிறாரா? தேங்காய்ப்பால் சோறாகத் தின்று கொழுப்பை ஏற்றிக்கொண்டு வராதீர்கள்.

முகையூர் கோயில் திருவிழாவில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது வீடியோவை அனுப்புவதற்கு முன்னால் நானே சொல்வதுதான் மரியாதை. தேர் சுற்றி வந்ததும் நம் குழுவின் கச்சேரி. கோதண்டபாணி அண்ணன் வழக்கம்போலத் தலைக்குப் புது டை அடித்துக்கொண்டு, நெற்றியில் பாதி டையோடு மேடையேறி, குழுத் தலைவர் என்று தன்னைத்தானே அறிமுகம் செய்துகொண்டார். உங்கள் இடத்தில் இப்போது வாசிக்கிறானே விழுப்புரத்துப் பையன் அறிவுச்செல்வன், அவனிடம் நான் ஒரு பிடிவாதம் பிடித்தேன். படிக்கட்டுப் பாட்டு வேண்டும் என்றேன்.

ஆமாம், அதுவேதான். சரணத்தில் குரல் ஒவ்வொரு படியாக ஏறி உச்சியில் போய் நிற்குமே, அதற்காகவே நம் குழுவில் அந்தப் பேர் வைத்தோமே, அந்தப் பாட்டு. ஒரு காலத்தில் அதைக் கேட்கவே சைக்கிள் மிதித்து வருவார்கள். நீங்கள்தான் வருஷம் போகப் போக அதைப் பின்னால் தள்ளி, ஓரத்தில் தள்ளி, கடைசியில் இல்லாமலே ஆக்கிவிட்டீர்கள். கேட்டால் பப்ளிக், பப்ளிக். பப்ளிக்குக்குப் பொறுமை இல்லை, பப்ளிக் குத்துப் பாட்டு கேட்கிறது என்பீர்கள். எனக்கு உள்ளுக்குள் ஆத்திரம்தான். கச்சேரிக்கு எந்தப் பாட்டு, எது முதல், எது பின்னால் என்பது எப்போதும் உங்கள் ராஜ்ஜியம். நீங்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து என் பாட்டை மீட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்தப் பையன் தயங்கினான். "அக்கா, வேணாங்கா, இல்லன்னா கொஞ்சம் பாத்து வாசிக்கிறேன்" என்று இழுத்தான். ஒரிஜினலில் எப்படி இருக்கிறதோ அப்படியே வாசிக்க வேண்டும், ஒரு நூல் பிசகினாலும் மேடையிலேயே மைக்கில் கேட்பேன் என்று அதட்டினேன். அப்படியே வாசித்தான். பாவம், அவன் மேல் தப்பில்லை.

சரணத்தில் மூன்றாவது படியோ நான்காவது படியோ, குரல் நின்றுபோனது. பிசிறவில்லை, கரகரக்கவில்லை. ஸ்விட்சை அணைத்த மாதிரி நின்றது. வாய் திறந்திருக்கிறது, வயிறு அழுத்துகிறது, காற்று மட்டும் வருகிறது. அந்தச் சின்னப் பெண் அஸ்வினி ஓரத்திலிருந்து மைக்கை எடுத்து மீதிப் படியெல்லாம் துள்ளிக்கொண்டு ஏறினாள். முகையூரே கைதட்டியது. நானும் தட்டினேன். வேறு என்ன செய்வது, கையை எங்கே வைத்துக்கொள்வது?

அன்றிலிருந்து குரல் திரும்பவில்லை. தூசி, பனி, ஸ்பீக்கர் அலறல் என்று எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். ஆனால் கஞ்சி விழுங்கினால் வலது காதுக்குள் சுருக்கென்று வலிக்கிறது. தொண்டைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? தெருமுனை டாக்டரிடம் இதை எழுதிக் காட்டினேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, விழுப்புரத்தில் தொண்டை டாக்டர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை போகிறேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், எனக்குத் தெரியும். நீங்கள் அரளாதீர்கள். மாத்திரையை மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
அமலா

---

விழுப்புரம்,
வியாழன், டாக்டர் வீட்டு வராந்தாவில்.

மெர்லின் அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பின வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். மிளகு, பனங்கற்கண்டு, வெந்நீர். நல்ல வைத்தியம். அதோடு கொஞ்சம் உண்மையையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

டோக்கன் வர இன்னும் நேரமிருக்கிறது. மனசில் இருப்பதை இப்போதே எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன். அறிவுச்செல்வன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து என்னை வண்டியில் கூட்டிவந்தான். வழியெல்லாம் அவன் முகம் சரியில்லை. வராந்தாவில் உட்கார்ந்ததும் கண் கலங்கிவிட்டது பையனுக்கு. தன்னால்தான் எனக்கு இப்படி ஆனது என்றான். நான் ஏன் என்று சைகையில் கேட்டேன். அப்போதுதான் சொன்னான். மலேசியாவுக்குக் கிளம்பும்போது நீங்கள் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னீர்களாமே. "அக்கா பாட்டுக்கெல்லாம் சுருதிய எறக்கி வெச்சிக்கினு வாசி. அக்காவுக்குத் தெரியாது, நீயும் சொல்லிக்கினு இருக்காத" என்று.

கீபோர்டில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறதாம். அதை அமுக்கிவிட்டால் விரல் பழைய இடத்திலேயே ஓடும், சத்தம் மட்டும் கீழே இறங்கிக் கேட்குமாம். பக்கத்தில் நின்று உங்கள் விரலையே பார்த்துக்கொண்டு பாடினவள் நான். விரல் இறங்கவே இல்லை. எனக்கு எப்படித் தெரியும்? நான் பூசைப் பாட்டுப் பாடி வளர்ந்தவள். நீங்கள் எந்தச் சுருதி கொடுத்தாலும் அதுதான் சுருதி என்று பிடித்துக்கொள்ளத் தெரியும், அதற்குப் பேரும் நம்பரும் தெரியாது. அந்த நம்பிக்கையில் விளையாடிவிட்டீர்கள்.

ஊர் ஊராகப் போய், என் குரல் அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது என்று கர்வப்பட்டேனே. என் வயதுப் பாடகிகள் எல்லாம் டிராக் போட்டு வாயசைக்கிறார்கள், நான் மட்டும் அசல் குரல் என்று கூட்டேரிப்பட்டுக் கச்சேரியில் மைக்கிலேயே சொன்னேனே. நீங்கள் பின்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தீர்கள். வெட்கம் என்று நினைத்தேன்.

எனக்கு இப்போது வருகிற ஆத்திரத்தில் உங்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. கத்தவும் முடியாது. ஊமை கண்ட கனவு என் கோபம். ஒரு வார்த்தை, அமலா உன் குரல் இறங்குகிறது, போய்க் காட்டு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? நான் மூன்று நாள் அழுதிருப்பேன். நான்காம் நாள் டாக்டரிடம் போயிருப்பேன்.

பேரைக் கூப்பிடுகிறார்கள். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூக்கு வழியாக ஒரு கறுப்பு வயரை விட்டுத் தொண்டைக்குள் பார்த்தார்கள். டிவியில் எனக்கும் காட்டினார்கள். இத்தனை வருஷம் சோறு போட்ட இடத்தை அப்போதுதான் பார்த்தேன். இரண்டு வெள்ளை நரம்பு, சின்னக் கதவு மாதிரி திறந்து மூடுகிறது. ஒன்று சரியாக அசைகிறது. இன்னொன்றின் மேல் ஏதோ தடிப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டாக்டர் அம்மா நல்ல மாதிரி. மழுப்பாமல் சொன்னார்கள். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து அதிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டுமாம். அதற்கு முன்னால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்கள். "குரல் எப்பலருந்தும்மா எறங்குது?" முகையூரிலிருந்து என்று எழுதினேன். பேனா நின்றுவிட்டது. முகையூரிலிருந்து இல்லையே. அதற்கு முன்னாலேயே இறங்கியிருக்கிறது. எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியாது. என் தொண்டையில் நடந்தது எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

புருஷனைக் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். டாக்டர் அம்மா விசித்திரமாகப் பார்த்தார்கள். அது முக்கியமான விவரம், சரியாகக் கேட்டுவரச் சொன்னார்கள். ஆகையால் என் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். முதன்முதலில் அந்தப் பொத்தானை எப்போது அமுக்கினீர்கள்? இதற்கு மட்டும் பதில் போடுங்கள். மிளகு வேண்டாம்.

அமலா

---

திண்டிவனம்,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்புள்ள மெர்லின் அப்பாவுக்கு,

உங்கள் மெசேஜ் வந்தது. நீங்கள் அழுதுகொண்டே பேசினதை மூன்று தடவை கேட்டேன். போன பொங்கலுக்குப் பிறகுதான் இறக்கினீர்கள், அதற்கு முன்னால் ஒரு நாளும் தொடவில்லை, மெர்லின் மேல் சத்தியம் என்கிறீர்கள். கொஞ்ச நாள் ஏமாற்றினதற்காக மன்னித்துவிடு என்கிறீர்கள்.

நான் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்து என்னைச் சமாதானப்படுத்த அப்படிச் சொன்னீர்களா? என் கோபமெல்லாம் விழுப்புரத்திலேயே இறங்கிவிட்டது. முதலில் டாக்டர் அம்மா சொன்னதைக் கேளுங்கள். போன கடிதத்தில் இதை எழுதவில்லை, எழுதத் தைரியம் வரவில்லை. வருஷக் கணக்காக மெல்ல மெல்லக் குரல் இறங்கியிருந்தால், ஓயாமல் பாடிப் பாடிக் காய்த்துப்போனதாக இருக்க வாய்ப்பு அதிகமாம், உழைக்கிறவன் கை காய்த்துப்போவது மாதிரி. சில மாசத்துக்குள் திடீரென்று இறங்கியிருந்தால், அதோடு காதுவலியும் இருந்தால், அவர்களுக்குக் கவலையாக இருக்கிறதாம். கவலை என்றுதான் சொன்னார்கள். அந்த வியாதியின் பேரை அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது புரிகிறதா, உங்கள் சத்தியம் எனக்கு என்ன செய்திருக்கிறது என்று?

அந்த மெசேஜைக் கேட்டதிலிருந்து நான் ஒரே வேலையாக உட்கார்ந்து நம் கச்சேரிகளை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, மெர்லின் வந்து அணைத்தாள். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நிரூபிக்கப் பார்க்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

மெர்லின் கைக்குழந்தையாக ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் தூங்கின காலத்தில், மூன்று சாமிப் பாட்டும் முடிந்த உடனே என் தனிப்பாட்டுகள் வரிசையாக வரும். படிக்கட்டுப் பாட்டு அதில் நடுவில். ஜனம் உட்கார்ந்துகூட இருக்காது, நான் உச்சியில் நிற்பேன். அவள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அதை இடைவேளைக்குப் பிறகு தள்ளினீர்கள். காக்க வைத்தால்தான் ஜனம் கலையாமல் இருக்கும் என்றீர்கள். காரணம் அதுதானா? இல்லை, கொஞ்சம் பாடிக் குரல் சூடாகட்டும் என்று தள்ளினீர்களா?

அப்புறம் அந்த இரண்டு புல்லாங்குழல் பாட்டு. நீளமாக ஹம்மிங் இழுக்க வேண்டிய பாட்டு. அதில் பாதியைக் கோதண்டபாணி அண்ணனுக்குக் கொடுத்து ஜோடிப் பாட்டாக்கினீர்கள். அவர் பாடினால் பக்கத்துத் தெரு நாய் எழுந்து போகும், அது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் கொடுத்தீர்கள்? எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துத்தானே?

கிடார் ராயப்பனை எந்த வருஷம் நிறுத்தினீர்கள்? கொரோனாவுக்கு வெகு முன்னாலேயே. இப்போதெல்லாம் கீபோர்டு ஒன்றே போதும், செலவு மிச்சம் என்றீர்கள். கிடார்காரன் மேடையில் இருந்தால் நீங்கள் பொத்தானை அமுக்கி இறக்க முடியாது, அவனுக்கும் சொல்லித்தான் ஆக வேண்டும், விஷயம் வெளியே வந்துவிடும். அதற்காகத்தானே நிறுத்தினீர்கள்? நேற்று பஸ் பிடித்துக் கூட்டேரிப்பட்டில் அவருடைய டீக்கடைக்கே போய் எழுதிக் காட்டிக் கேட்டேன். "சகாயராஜ் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலம்மா, காசுக்குத்தான் நிறுத்துனான்னு நெனச்சிக்கினு இருக்கேன்" என்றார். டீக்குக் காசு வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

கொரோனா முடிந்து முதல் கச்சேரி மயிலத்தில். அன்றிலிருந்து முழுப் பாட்டே கிடையாது. நாலு வரி இது, நாலு வரி அது, எல்லாம் பல்லவியோடு சரி, சரணம் வருவதற்குள் அடுத்த பாட்டு. ரீல்ஸ் காலம் அமலா, ஒரு பாட்டை முழுசாக எவன் கேட்கிறான் என்றீர்கள். அதற்குப் பிறகு அஸ்வினி வந்தாள், வேகமான பாட்டெல்லாம் அவளுக்குப் போனது. எனக்குத் தாலாட்டும் மாதா பாட்டும் மிஞ்சியது. எல்லாம் கீழேயே ஓடுகிற பாட்டு. இத்தனையும் பார்க்கும்போது ஒரு மனுஷன் வருஷம் வருஷமாக என் குரலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறான் என்றுதானே தோன்றுகிறது?

ஆனால் எழுதும்போதே பயம் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் சொன்ன காரணங்களும் நிஜந்தானே? ஜனம் மாறத்தான் செய்தது. ரீல்ஸ் வரத்தான் செய்தது. ராயப்பனுக்குக் கொடுக்கக் காசு இல்லாமல்தான் இருந்தது. அன்றைக்கெல்லாம் அந்தக் காரணங்களைக் கேட்டு உங்களைத் திட்டினேன். இன்றைக்கு அவை உண்மையாக இருந்துவிடுமோ என்று நடுங்குகிறேன். கோதண்டபாணி அண்ணனைக் கேட்டால், மேடையும் அட்வான்சும்தான் தன் பொறுப்பு, பாட்டு வரிசையெல்லாம் சகாயராஜ் பார்த்துக்கொண்டான் என்று கையை விரிக்கிறார். கேட்பதற்கு இனி யாரும் இல்லை. நீங்கள் ஒருவர்தான்.

மெர்லினிடம் நேற்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு நோட்டை மூடி வைத்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். அவள் கை என் கழுத்துப் பக்கம் வரும்போதெல்லாம் நின்று நின்று போனது. அதைத் தாங்க முடியவில்லை. அவளுக்குப் பரீட்சை இருக்கிறது, ஆனாலும் செவ்வாய்க்கிழமை பாண்டிச்சேரிக்கு அவள்தான் கூட வருகிறாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயும் இல்லை, மனசும் இல்லை. நீங்கள் டிக்கெட் போட்டு ஓடி வரவேண்டாம். ஓட்டல்காரர் விடமாட்டார், செவ்வாய்க்குள் வந்து சேரவும் முடியாது. நீங்கள் வந்து செய்ய முடியாத ஒன்றை அங்கிருந்தே செய்யலாம்.

டாக்டர் அம்மா கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த சீட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு என்று எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டால் அது நிஜமாகிவிடும் போல இருக்கிறது.

பெற்ற பிள்ளை மேல் பொய்ச் சத்தியம் செய்தால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து பேசாமல் இருந்துவிடாதீர்கள். அந்தப் பாவம் என்னைச் சேரட்டும். சாமியாரிடம் எழுதிக் கொடுத்தாவது பாவசங்கீர்த்தனம் செய்து நான் தீர்த்துக்கொள்கிறேன். வருஷக் கணக்காக உன்னை ஏமாற்றினேன் அமலா, ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன் என்று சொல்லுங்கள். நான் ஒரு வார்த்தை திட்ட மாட்டேன். சமாதானத்துக்காகச் சொல்லாதீர்கள், நிஜமாகவே அப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். என் புருஷன் பெரிய பொய்யனாக இருக்க வேண்டும் என்று அவளிடம் முழங்காலில் நின்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள்
அமலா